துரையின் தெர்மாமீட்டர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். முழு நாள் நின்றால் ஒரு பேர். பாதியில் திரும்பினால் அரைப் பேர். படுத்துக் கிடந்தால் பேர் இல்லை, காசும் இல்லை. தோட்டத்தில் எங்கள் சனங்களுக்குக் கிடைத்த வைத்தியத்தின் வரலாறு இந்தப் பேரின் வரலாறுதான்.

என் பாட்டி 1920களில், சிறுமியாக, நெல்லைச் சீமைச் சேரியொன்றிலிருந்து ஆனைமலைக்கு ஏறினவள். மேஸ்திரி கொடுத்த முன்பணம் அவளுடைய அப்பன் தலையில் கடனாக உட்கார்ந்திருந்தது. “கஞ்சிக்கு வழியில்லாம ஏறுனோம், காச்சலுக்குத் தீனியானோம்” என்பாள். மலேரியாவில் அவள் அண்ணன் போனான், அம்மா போனாள்.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. 1859ஆம் வருஷத்து ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கியவர் ‘தக்க காரணமின்றி’ வேலையை விட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். உத்தரவுக்குப் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. 1925இல்தான் அதை ரத்து செய்ய முடிவானது. காய்ச்சல் தக்க காரணமா இல்லையா? மலை மேல் அதைச் சொன்னவர்கள் துரையும் மேஸ்திரியும். நடுங்குகிற கையைப் பார்த்து மேஸ்திரி, “நடிக்கிறியா?” என்று கேட்டதைப் பாட்டி சாகும்வரை சொன்னாள்.

பிறகு வைத்தியமும் வந்தது. இரக்கத்தால் மட்டும் வரவில்லை. ஆள் செத்தால் முன்பணம் போச்சு; சாவுச்செய்தி ஊருக்குப் போனால் புது ஆள் ஏறமாட்டான். கொய்னா தந்தார்கள். சாதிக்காரக் கம்பவுண்டர் மருந்தைத் தூக்கித்தான் ஊற்றுவான். எங்கள் கிண்ணத்தில் அவன் குப்பி படக்கூடாது. 1940களில் டிடிடி வந்தபின் மலேரியா அடங்கியது. அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கொசு போனது, மேஸ்திரியின் கேள்வி போகவில்லை.

தோட்டத்து டாக்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்த பி.எச். டேனியல், எங்கள் ஆட்களுக்காகச் சங்கம் கட்டினார். தான் கேட்டறிந்ததை 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக்கினார். தமிழில் அது இரா. முருகவேள் மொழிபெயர்த்த ‘எரியும் பனிக்காடு’. நோயை மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியாது என்று தெரிந்துகொண்ட டாக்டர் அவர்.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடிதண்ணீர், கக்கூஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம், வீடு, மழைக்கும் குளிருக்கும் கம்பளி, நோய்க்காலப் படி. எல்லாம் எழுத்தில் உண்டு. படி வாங்கத் தகுதியுள்ள மருத்துவரின் சான்று வேண்டும். இங்கேதான் பழைய மேஸ்திரி புது உருவத்தில் நின்றான்.

1980களில் ஒரு மழைக்காலம். கொழுந்துச் சுமை தூக்கித் தூக்கி என் அம்மாவுக்கு அடி இறங்கியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பவுண்டர் தெர்மாமீட்டர் வைத்தார். “காச்சலே இல்லியே. போயி கொழுந்து எடு.” அம்மா எனக்குச் சொன்னது: “அவரு ஆம்பள, சுத்தி நாலு பேரு நிக்காக. அங்க வச்சு எதைடா சொல்ல?” பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கிச் சீட்டு வாங்கி வந்தாள். ஆபீசில் தள்ளிவிட்டார்கள். “நம்ம டாக்டர் எழுதினாத்தான் செல்லும்.” பத்தொன்பது பேர் போச்சு. சங்கத்துக்காரர்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபிறகு எட்டு நாளுக்கு மட்டும் படி வந்தது.

பெண்ணின் கருப்பையை நிர்வாகம் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் முதலாளிகள் சங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. கர்ப்பமில்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தப் பெண்ணின் கணக்கில் 5 ரூபாய். பிள்ளை கூடினால் அந்தத் தொகையில் வெட்டு. பேறுகாலப் படியும் பிள்ளைக் காப்பகமும் முதலாளிக்குச் செலவு; பெறாத பிள்ளை லாபம். இதற்கும் நலத்திட்டம் என்றுதான் பெயர்.

1951 சட்டம் இப்போது 2020இன் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தோட்டங்களும் இஎஸ்ஐ-யில் சேரலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள், விரும்பினால். யார் விரும்பினால்? முதலாளி விரும்பினால்! நோவு எங்களுக்கு, விருப்பம் அவர்களுக்கு.

வால்பாறை லைன்களில் இன்று அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் தெரியாத ஒரு பெண் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றால், தன் நோவை எந்த மொழியில் சொல்வாள்?

தொழிலாளர் நலம் பற்றி நிர்வாகிகளுக்கு வகுப்பெடுப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. சான்று எழுதும் டாக்டருக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து வரக்கூடாது. பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும். வெளி ஆஸ்பத்திரிச் சீட்டு ஆபீசில் செல்ல வேண்டும். எனக்கு நோவு என்று நாங்கள் சொன்னால், முதலில் அதை நம்ப வேண்டும்.

அம்மா இப்போது இல்லை. அந்தப் பதினொரு பேர் இன்னும் பாக்கி.