ஹோஷங்காபாத்தில் வாத்தியார்கள் மாணவர்களான கதை

நம் கல்லூரியில் எழுதிய பாடக்குறிப்பு நோட்டுகள் நினைவிருக்கிறதா நண்பர்களே? அறிவியல் என்றால் ஒரு சார்ட், ஒரு குச்சி, கடைசி பெஞ்சில் மேற்பார்வையாளர். சோதனைக் குழாயைத் தொடாமலே "சோதனை முறை" பற்றி எழுதி மார்க் வாங்கியவன் அடியேன்! வேலைக்குப் போன முதல் வருஷம் ஒரு பையன், "சார், விதை இருட்டுல முளைக்குமா?"ன்னு கேட்டான். முழிச்சேன்.

இந்த முழிப்புக்கு மருந்து தேடியவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் நர்மதாபுரம்) 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972-இல் வேலையை ஆரம்பித்தார்கள். கிஷோர் பாரதியும், ரசூலியாவிலிருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் முன்னின்றன. டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கை கொடுத்தார்கள். 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் பிறந்த ஏகலவ்யா பொறுப்பேற்றது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 'பால் வைஞானிக்' என்ற புத்தகம். அதில் விடை இருக்காது, செய்து பார்க்கச் சொல்லும். அப்படியானால் வாத்தியார் என்ன செய்வார்? அங்கேதான் விஷயம். கோடை விடுமுறையில் அவரையே மாணவராக உட்கார வைத்தார்கள். நாலு நாலு பேராகச் சேர்ந்து, பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனையை எல்லாம் தாங்களே செய்யவேண்டும். குழுவுக்குக் குழு முடிவு மாறினால் ஏன் என்று பேசித்தான் தீர்க்கவேண்டும். பிறகு மாதாந்திரக் கூட்டம், வகுப்புக்கே வந்து உதவுகிறவர்கள். பரீட்சையும் மாறியது: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. பரீட்சை பழையபடியே இருந்திருந்தால் மற்றதெல்லாம் வீண்தான்.

ஒரு குறை சொல்லணும். இது பெரும்பாலும் வேலையில் இருந்தவர்களுக்கான பயிற்சி. நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகம் 1994-இல் நான்கு வருஷத் தொடக்கக் கல்விப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பள்ளி அறிவியலையே திரும்ப யோசிக்க வைக்கும் பாடமும் அதில் இருந்தது. ஹோஷங்காபாத் திட்டத்தையோ 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருஷ உழைப்பு! எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

அந்தப் பையன் கேள்வி என்னாச்சுன்னு கேட்பீங்க. ஈரத்துணியில் மொச்சையைச் சுற்றி டப்பாவில் மூடி வைத்தோம். முளைச்சது, தண்டு மட்டும் வெளிறிப்போய் இருந்தது. "ஏன் சார்?"னு அடுத்த கேள்வி வந்தது.