தூண்டிலும் ‘சோம்பேறிகளும்’

செயற்கை ஈயைக் காட்டி ட்ரவுட் மீன் பிடிக்கும் கலையைக் கற்பிக்கும் ஆங்கிலப் பனுவலொன்று 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சேறிற்று. அது கூறும் பன்னிரண்டு ஈக்களுக்கும் வேண்டியவை பெரும்பாலும் கம்பளி நூலும் பறவையிறகுமே, தூண்டிற்கயிறோ குதிரைமயிர். கற்கத் தொடங்குவோன் மீனின் கண்ணிற் படலாகாது. அவன் நிழலும் நீரில் விழலாகாது. மீன் அகப்படாவிடினும் நல்ல நடையும் நறுங்காற்றும் புள்ளொலியும் மிஞ்சுமாம். ஏழைக்கும் எட்டும் இன்பமன்றோ! ஆயின், தனிச் சிறுநூலாக வெளியிட்டால் ‘சோம்பேறிகள்’ மலிவாக வாங்கி மீனினத்தை அழிப்பரென அஞ்சி, வேட்டையும் குலச்சின்னமும் பேசும், கனவான்களுக்கான பெருநூலொன்றுள் இதனைச் சேர்த்தனர். பொழுதுபோக்கத் தூண்டில் எடுத்தவன் கனவான். வயிற்றுக்காக எடுத்தவன் சோம்பேறி! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மீனைக் கொணர்ந்து நுவரெலியா ஓடைகளில் விட்ட வெள்ளைத் துரைமாரும் தம் பொழுதுபோக்குக்கே விட்டனர்.