வராதவரின் வாக்கு

எந்தச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினாலும், கூட்டநடப்பெண் போதாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்ற குறிப்பு எங்காவது இருக்கும். எமது சங்கமும் இதற்கு விலக்கல்ல. நூற்றாண்டு காணும் இவ்வேளையில் யாப்பைத் திருத்துவது பற்றிப் பேசத் தொடங்கியுள்ளோம். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் வாழும் சகோதரிகளின் வாக்கை எவ்வாறு எண்ணுவது என்பதே அதில் முதற் கேள்வி. எமக்கு முன்னர் பலர் இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள்.

கூட்டநடப்பெண், அதாவது கோரம், ஒருசிலர் கூடி எல்லோர் பெயராலும் முடிவெடுப்பதைத் தடுக்கும் வேலி. 225 உறுப்பினர் கொண்ட எமது பாராளுமன்றத்துக்கு 20 பேர் போதும். அமெரிக்கக் காங்கிரசின் சபைகளுக்கோ பாதிக்கு மேற்பட்டோர் வேண்டும். 1876இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஷார்ப் எதிர் டோஸ் வழக்கு சுவையானது. சுரங்கக் கம்பனி ஒன்றின் கூட்டத்துக்குச் செயலாளரைத் தவிர வந்தவர் ஒரேயொரு பங்குதாரர். அவரே தலைமை தாங்கி, பங்குதாரரிடம் பணம் அறவிடத் தீர்மானித்து, தலைவராகிய தமக்கே நன்றியும் நிறைவேற்றிக்கொண்டார்! ஒருவர் தனியே கூடுவது கூட்டமாகாது என்றது நீதிமன்றம்.

பழைய மாணவர்களின் தூரத்து வாக்குக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒக்ஸ்போர்ட் பட்டதாரிகள் தமது பாராளுமன்ற உறுப்பினருக்கு அஞ்சலில் வாக்களிக்க 1861ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1865 தேர்தலில் அங்கு நீண்டகாலம் உறுப்பினராக இருந்த கிளாட்ஸ்டன் 180 வாக்குகளால் தோற்றார். வெளியூர்களில் வாழ்ந்த மதகுருமாரின் அஞ்சல் வாக்குகள் அவரை வீழ்த்தின. தூரத்திலிருப்போர் உள்ளூரவரை மிஞ்சிவிடுவர் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல.

ஆனால் நேரில் வந்தே தீரவேண்டும் என்ற விதியும் நியாயத்துக்கு உத்தரவாதம் அல்ல. 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் சூட்டலாமா என்ற வாக்கெடுப்பு நடந்தது. லண்டனிலிருந்து விசேட புகையிரதங்களில் பழைய பட்டதாரிகள் வந்து குவிந்தனர். ஏறத்தாழ 660 பேர் ஆதரிக்க, 1,700 பேர் எதிர்த்தனர். யாருடைய உரிமை பேசப்பட்டதோ அந்தப் பெண்களுக்கு வாக்கே இல்லை. அவர்கள் அங்கு முழுமையான பட்டம் பெற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பயணச் செலவும் ஓய்வும் உடையவருக்கே மண்டபத்துக் கதவு திறந்திருந்தது.

1988இல் லண்டன் லைஃப் என்ற, அங்கத்தவருக்கே சொந்தமான காப்புறுதிச் சங்கத்தின் கூட்டத்தில் மண்டபம் நிறைந்து வழிந்தது. மற்ற அறைகளுக்கான ஒலி, ஒளி இணைப்பும் பழுதானது. தலைவர் கூட்டத்தை அன்று பிற்பகலுக்கே வேறிடத்துக்கு மாற்றினார். வரமுடியாதவர் பதிலாளை நியமிக்கவும் அவகாசம் இருக்கவில்லை. அந்த ஒத்திவைப்புச் செல்லாது என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். அதே தீர்ப்பு, ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் பேசவும் முடியுமாயின் எல்லோரும் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. எமது நாட்டின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் மாதிரி விதிகளும் ஒலி, ஒளித் தொடர்பு மூலமான கூட்டத்துக்கு இடமளிக்கின்றன. நாம் கம்பனி அல்லோம். எமது யாப்பில் எழுதினால்தான் எமக்கு அது உரிமையாகும்.

வராதவர் என்போர் வெளிநாட்டில் இருப்பவர் மட்டுமல்லர். கூட்ட நாளன்று வைத்தியசாலை விடுதியில் கடமையில் நிற்கும் தாதியும் மருத்துவரும், படுக்கையிலுள்ள தாயை விட்டு நகரமுடியாத மகளும் வராதவரே. மறுபுறம், கூரை ஒழுகும் வகுப்பறையைத் தினமும் காண்பவர் ஊரிலுள்ள சகோதரி. காசோலை அனுப்பியவரின் குரலில் அவர் குரல் அமிழ்ந்துவிடக் கூடாது.

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். கூட்டநடப்பெண்ணில் சூம் வழி இணைவோரையும் சேர்ப்போம். ஆயினும் குறித்த தொகையினர் கல்லூரி மண்டபத்தில் இருக்கவேண்டும். யாப்புத் திருத்தத்துக்கும் நிர்வாகத் தெரிவுக்கும் முழு வாசகத்தை 21 நாள் முன்னரே அனுப்பி, அஞ்சலிலோ நிகழ்நிலையிலோ இரகசிய வாக்குப் பெறுவோம். ஒருவர் இருவருக்கு மேல் பதிலாளாக வாக்களிக்க வேண்டாம். இணைப்பு அறுந்தால் வாக்கெடுப்பை நிறுத்தி, போதிய அறிவித்தலோடு மறுநாள் குறிப்போம். அன்றாடக் கல்லூரி வேலைகளை ஊரிலுள்ளோரின் தீர்மானத்துக்கே விடுவோம்.

அன்புச் சகோதரிகளே, அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் உங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் நன்றே.