போன்சாய்: வேரோடு பெயர்த்த மரங்களின் வரலாறு



கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மில் பலர், பூச்செடி வாங்கச் சுங்கை பூலோவுக்கே செல்கிறோம். அங்குள்ள செடிப் பண்ணைகளில் ஒரு முழ உயரமே உள்ள போன்சாய் மரங்களைக் கண்டிருப்பீர்கள். அடிமரம் மணிக்கட்டைவிடப் பருமனாக இருக்கும். பட்டை வெடித்து, கிளை முறுக்கேறிக் கிழமரமாகத் தோன்றும். விதை போட்டு இப்படி வளர்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. போன்சாய் மரங்களுள் பல, விதையிலிருந்து தொட்டியில் வளர்ந்தவையே அல்ல. காற்றும் வறட்சியும் குறுக்கிய காட்டுப் புதரை வேரோடு பெயர்த்து வந்து, வெட்டியும் கம்பி சுற்றியும் வடிவமைத்தவை அவை.

(சுங்கை பூலோவில் இத்தனை பண்ணைகள் தோன்றியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட மருத்துவர் டிராவர்ஸின் பெயரைத்தான் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய ஜாலான் டிராவர்ஸ் தாங்கி நிற்கிறது. நோய் குணமான பின்னும் வெளியுலகம் ஏற்காத மக்கள், செடி வளர்த்து விற்றுப் பிழைத்தனர்.)

மரத்தைப் பெயர்த்துக் குறுக்கும் கலை மிகப் பழமையானது. சீனாவில் தாங் மரபு இளவரசர் லீ சியானுக்கு கி.பி. 706இல் அமைத்த கல்லறையின் சுவரோவியத்தில், பணியாளர் சிறுமரங்கள் கொண்ட தட்டை ஏந்தி நிற்கின்றனர். ஜப்பானியர் காட்டிலிருந்து எடுத்த மரத்தை 'யாமாதோரி' என்பர்; மலையில் எடுத்தது என்று பொருள். ஷிகோக்கு தீவின் இஷிசுச்சி மலையிலும், இத்தோய்காவா வட்டாரச் செங்குத்துப் பாறைகளிலும் கயிற்றில் தொங்கியபடி ஷிம்பாக்கு மரங்களைப் பெயர்த்தனர். விழுந்து மாண்டோரும் உண்டு. நல்ல மரங்கள் தீர்ந்த பிறகே, கிளைத்துண்டிலிருந்து வளர்க்கும் முறை ஓங்கியது.

சயாமின் கதை நமக்கு நெருக்கமானது. அந்நாட்டு அரண்மனை, கோயில் தோட்டங்களில் 'மாய் தத்' எனும் குறுமரங்களுக்கு விரும்பி எடுக்கப்பட்டது கோய் மரம். அது வேறொன்றுமன்று, திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறையில் தலமரமாக விளங்கும் நம் பராய் மரமே! சொரசொரப்பான அதன் இலை உப்புத்தாள் போலத் தேய்க்க உதவும். பட்டையைக் கூழாக்கிக் காகிதம் செய்து, சயாமியர் ஏடுகள் எழுதினர்.

ஆயினும் என்னை அதிகம் வருத்துவது, மலாய்மொழியில் மெந்திகி எனப்படும் கடற்கரைப் புதர். மருதாணி, மாதுளை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறு இலை, வெண்மலர், இரும்பு போன்ற கட்டை. தமிழகத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு. பவளப்பாறை வெடிப்பில் வேரூன்றி, உப்புக்காற்றில் மிக மெல்ல வளர்வதால் அதன் உருவம் போன்சாய் விரும்பிகளைக் கவர்ந்துவிட்டது. அந்த வேரே அதற்கு எமன். பாறையைப் பிளந்து எடுக்கும்போது நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அறுந்துபோகின்றன. அடிவேர்க் கட்டை மட்டும் மிஞ்சினால் புதிய வேர் எளிதில் வருவதில்லை. விற்பனைக்கு நிற்கும் ஒரு மெந்திகிக்குப் பின்னால் பட்டுப்போனவை எத்தனையோ! தைவானின் தென்முனையான கெண்டிங் கரையில், தோண்டித் தோண்டியே இது அருகிவிட்டது. பிலிப்பைன்ஸ் அரசு இதனைக் காக்கவேண்டிய தாவரப் பட்டியலில் சேர்த்துள்ளது. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டத்தின்படி, நிரந்தர ஒதுக்கக் காட்டிலிருந்து உரிமமின்றித் தாவரம் எடுப்பது குற்றமாகும்.

ஆகவே, பள்ளித் தோட்டத்திற்குப் போன்சாய் வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைப்பது அந்திங் புத்ரி. காதணிபோலத் தொங்கும் வெண்மலர்ச் செடி அது. நம் வெயிலையும் மழையையும் தாங்கும். கத்தரித்த கிளைத்துண்டு பால்டின்னில் உள்ள ஈரமணலிலேயே வேர்விடும். முதலாம் ஆண்டு மாணவர் நட்டு, ஆறாம் ஆண்டில் விடைபெறட்டும். அடுத்து வரும் மாணவர் கத்தரிக்கட்டும்.