பேட்ஃபிங்கர் இசைக்குழு: உலகம் பாடிய பாடலும் எழுதியவர்களின் துயரமும்

பிரிட்டனின் 'பேட்ஃபிங்கர்' இசைக்குழு, 1969 இறுதி முதல் 1972 வரை வெளியிட்ட நான்கு பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதல் 20 இடங்களுக்குள் வந்தன. குழுவினர் எழுதிய 'விதவுட் யூ' பாடல் பிற கலைஞர்களின் குரலில் முதலிடம் பிடித்தது. ஆயினும் அப்பாடலை எழுதிய இருவரும் பணச் சிக்கலுக்கு இடையே உயிரை மாய்த்துக்கொண்டனர்.

பீட்டில்ஸ் நிறுவனத்தில்...

வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் 'தி ஐவிஸ்' என்ற பெயரில் தொடங்கிய குழு, 1968-இல் பீட்டில்ஸ் குழுவினரின் 'ஆப்பிள்' நிறுவனத்தில் ஒப்பந்தமானது. மறு ஆண்டு பெயர் மாற்றப்பட்டது. பீட் ஹாம், டாம் எவன்ஸ், மைக் கிப்பின்ஸ் ஆகியோருடன் ஜோயி மோலண்டும் இணைந்தார்.

பால் மெக்கார்ட்னி எழுதித் தயாரித்த 'கம் அண்ட் கெட் இட்' முதல் பெரும் வெற்றியைத் தந்தது. அடுத்து வந்த 'நோ மேட்டர் வாட்', 'டே ஆஃப்டர் டே', 'பேபி ப்ளூ' ஆகிய மூன்றும் பீட் ஹாம் எழுதியவை. அதிரும் கிட்டார், எளிதில் மனத்தில் பதியும் மெட்டு, இணைந்து ஒலிக்கும் குரல்கள் ஆகியவற்றைக் கொண்ட 'பவர் பாப்' இசைக்கு இவை முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன.

ரவிசங்கருடன் ஒரே மேடை

வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட, சிதார் மேதை ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் 1971 ஆகஸ்ட் 1-இல் நியூயார்க்கில் நடத்திய இசை நிகழ்ச்சியில் பேட்ஃபிங்கர் குழுவினரும் வாசித்தனர். ஒரு பாடலுக்கு ஹாரிசனுடன் ஹாம் மட்டுமே கிட்டார் இசைத்தார்.

முடங்கிய வருவாய்

1970-இல் வெளியான 'நோ டைஸ்' தொகுப்பில் இடம்பெற்ற 'விதவுட் யூ', ஹாரி நில்சன் பாடியபோது 1972-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. 1994-இல் மரியா கேரியின் குரலில் பிரிட்டனில் மீண்டும் முதலிடத்தை எட்டியது.

ஆனால் குழுவின் வருவாய், மேலாளரின் நிறுவனம் வழியாகவே சென்றது. கலைஞர்களுக்குச் சம்பளம் மட்டுமே கிடைத்தது. 1974-இல் வார்னர் நிறுவனத்துக்கு மாறிய பின், முன்பணத்தின் ஒரு பகுதிக்குக் கணக்கு இல்லை என்று கூறி அந்நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. பாராட்டுப் பெற்ற 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பு சில மாதங்களுக்குள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்துப் பதிவான 'ஹெட் ஃபர்ஸ்ட்' 2000-இல்தான் வெளிவந்தது.

1975 ஏப்ரல் 24-இல், 28-ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள்களுக்கு முன்பு, ஹாம் உயிரிழந்தார். 'விதவுட் யூ' பாடலின் ராயல்டி தொடர்பான தகராறு நீடித்த நிலையில், 1983 நவம்பரில் எவன்ஸும் மறைந்தார். கிப்பின்ஸ் 2005-இலும், மோலண்ட் 2025 மார்ச் 1-ஆம் தேதியும் காலமாகினர்.

தாமதமாக வந்த அங்கீகாரம்

2013 ஏப்ரலில் ஸ்வான்சீயில் ஹாமுக்கு நினைவுப் பலகை திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' தொடரின் இறுதிக் காட்சியில் 'பேபி ப்ளூ' ஒலித்தது. 41 ஆண்டுகளுக்குப் பின் அப்பாடலின் விற்பனை மீண்டும் பெருகியது.

(மன அழுத்தத்திலிருந்து மீள 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐத் தொடர்புகொள்ளலாம்.)