கல்லின் நீரும் காணியின் வேலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை; ஆற்றைப் பெற்றெடுக்க மலையும் இல்லை. ஆண்டில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள குறுகிய காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் இம்மண்ணில் மக்கள் பல நூற்றாண்டுகளாக நெருங்கி வாழ்ந்து, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்து வந்திருக்கின்றனர். அரசர் வரலாற்றைக் கூறும் ஏடுகள் இந்த வாழ்வு எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதைக் கூறுவதில்லை. அதற்கான விடை மண்ணின் கீழே இருக்கிறது.

மயோசீன் காலத்தில் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே குடாநாட்டின் அடித்தளம். மழைநீர் அக்கல்லை அரித்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. கீரிமலைக் கேணியும் புத்தூர்ப் பகுதியின் நிலாவரைக் கிணறும் அதற்குச் சான்றுகள். உள்ளிறங்கும் மழைநீர், சுற்றியுள்ள கடலிலிருந்து கல்லினுட் புகுந்த உவர்நீரின் மேல், பாரங் குறைந்ததாகையால், மிதந்து நிற்கிறது. இந்த உறவை ஒல்லாந்தரான படோன் கைபென் 1888இலும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே விளக்கினர். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மாறாக, மேல்மட்டம் ஓர் அடி தாழுமாயின், உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலெழும். ஒருவர் மிதமிஞ்சி இறைத்தால் அயலவரின் கிணறும் உவராகும். வேலிகளின் கீழே ஊர் முழுவதற்கும் நீர் ஒன்றே.

கல் ஒன்றாக வைத்த நீரை எமது சமுதாயம் எவ்வாறு பங்கிட்டது? காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்பட்டன. பங்காளிகள் முறை வைத்து இறைத்தனர். ஆயின் அந்த ஒழுங்கு காணியுடையோருக்கு மட்டுமே உரியது. கற்பாறையைப் பிளந்து கிணறு வெட்டியவர்களும், துலா மிதித்தவர்களும், பட்டை இறைத்தவர்களுமான உழைப்பாளருள் எத்தனையோ பேர் அதே கிணற்றில் தம் கையால் ஒரு குடம் நீர் அள்ள முடியாதவர்களாயிருந்தனர். கிணற்றடிக்கு வெளியே குடத்துடன் நின்று, எவரேனும் வந்து வார்க்கும்வரை காத்திருந்த பெண்களின் காலம் எந்த உறுதியிலும் பதியப்படவில்லை. கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டது தற்செயலன்று.

சாதி காரணமாகப் பொது இடங்களில் மக்களைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் கிணறுகளிற் பெரும்பாலானவை தனியார் காணிகளுக்குள் இருந்தன. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே எழுத்திலிருந்த சட்டத்துக்கு உயிரூட்டின.

இதே காலத்தில் உற்பத்திக் கருவியும் மாறியது. துலாவுக்கு மனித உடலே எல்லை. உடல் களைத்ததும் இறைப்பு நின்றது, கிணறும் ஊறிக்கொண்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பரவிய நீரிறைக்கும் இயந்திரம் உழைப்பாளியின் முதுகை நிமிர்த்தியது. அதனைப் பழிப்பது மடமை. ஆனால் இறைப்பின் எல்லையும் அதனோடு அகன்றது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது இறைப்பும் பெருகியது, இரசாயன உரமும் பெருகியது. சந்தை கேட்டதைத் தோட்டக்காரன் விளைவித்தான்; மண் தாங்குமா என்று சந்தை கேட்கவில்லை. மெல்லிய செம்மண்ணையும் வெடிப்புள்ள கல்லையும் கடந்து உரத்தின் நைத்திரேற்று கிணறுகளை அடைந்தது. மலக்குழிகளின் கழிவும் அதனோடு சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதனை மீறிய அளவுகளை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகப் பதிவு செய்துள்ளனர். கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இந்நஞ்சு குறைக்கவல்லது.

மாற்று வழியைச் சிந்தித்தவர்களும் இருந்தனர். கனகராயன் ஆற்றின் நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி, வாய்க்கால் வழியே வடமராட்சி, உப்பாற்றுக் கடனீரேரிகளுக்குச் செலுத்தி, அவற்றை நன்னீராக்கி நிலத்தடி நீரை வளம்படுத்தும் திட்டத்தைப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். தொண்டைமானாற்றில் அணையும் எழுந்தது. ஆனால் திட்டம் முழுமை பெறவில்லை.

பின்னர் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அங்கு இயங்கிய தனியார் அனல் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்களின் தவறையும் சுட்டிக்காட்டியது. அறுபதுகளில் ஊர்வலம் புறப்பட்ட அதே ஊரில், குடத்துடன் நீருக்குக் காத்திருக்கும் நிலை இப்போது கிணற்றுச் சொந்தக்காரருக்கும் வந்தது.

இவ்வரலாறு காட்டும் உண்மை இது: நீரைத் தனியுடைமையாகக் கருதும் சட்டமும் வழக்கமும் கல்லின் இயல்புக்கு முரணானவை. மேலே உறுதி எழுதலாம். கீழே உறுதி செல்லாது. ஆகவே எவ்வளவு இறைக்கலாம், எங்கே கழிவை விடக்கூடாது என்பவற்றைத் தனியாரின் விருப்பத்துக்கு விட்டுவிட இயலாது. கிணற்றின் மட்டத்தையும் உவரையும் நைத்திரேற்றையும் ஆண்டுதோறும் அளந்து, அந்த அளவுகளை ஊர்ச்சபைச் சுவரில் எவரும் வாசிக்கும்படி எழுதவேண்டும். அளப்பதற்கு ஆசிரியரும் மாணவரும் போதும். அளவைக் கொண்டு முடிவெடுக்கும் அதிகாரம், காணியில்லாதவர் உட்பட அந்த நீரைக் குடிக்கும் அனைவருக்கும் வேண்டும்.