முற்றத்துக்குள் இறங்கிய மழை: அகமதாபாத்தின் ஒரு குழாய் வரலாறு

கூரையில் விழும் மழையைத் தெருவுக்கு வெளியேற்றுவதே மழைநீர்க் குழாயின் வேலை என்று இன்று எண்ணப்படுகிறது. அகமதாபாத் பழைய நகரின் 'போள்' குடியிருப்புகளில் அந்தக் குழாய் எதிர்த்திசையில் இறங்கியது. கூரைநீரை அது வீட்டுக்குள் கொணர்ந்து, முற்றத்துக்கு அடியில் கட்டப்பட்ட 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டியில் சேர்த்தது.

அந்நகரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். எனவே 50 சதுர மீட்டர் கூரை ஓர் ஆண்டில் பெறுவது சுமார் 40,000 லிட்டர். எஞ்சிய எட்டு மாதங்களுக்கான குடிநீரை இக்கணக்கே தாங்கியது. மழைக்கு முன் கூரை துப்புரவாக்கப்பட்டது. தூசியைக் கழுவிவரும் முதல் மழை வெளியே விடப்பட்டது. அதன் பின்னரே குழாயின் வழி தொட்டிக்குத் திறந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரும் ஒளிபுகாத மூடியும் நீரைக் கெடாமல் காத்தன.

1891இல் தூதேஷ்வரில் நகராட்சி நீர்நிலையம் இயங்கத் தொடங்கியது. நகராட்சித் தலைவர் ரண்சோட்லால் சோட்டாலால் அதனைக் கடும் எதிர்ப்புக்கிடையே நிறைவேற்றினார். தொற்றுநோய்கள் மலிந்த நெரிசலான நகருக்கு அத்திட்டம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனுடன் மற்றொரு மாற்றமும் மெல்ல நேர்ந்தது. நீருக்கான பொறுப்பு வீட்டிலிருந்து நகராட்சிக்குக் கைமாறியது. பல வீடுகளில் மழைநீர்க் குழாயின் கீழ்முனை சாக்கடையை நோக்கித் திருப்பப்பட்டது. டாங்காவை இடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை; குழாய் திரும்பியதும் அது தானே வறண்டது.

சொல்லின் வரலாறும் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தின் 'டேங்க்' குஜராத்திச் சொல்லிலிருந்து வந்ததா, போர்த்துகீசியத்திலிருந்து வந்ததா, இரண்டும் கலந்ததா என்பது அகராதியியலில் நெடுநாள் விவாதம். தமிழர் மாடிகளில் நிற்கும் 'டேங்க்' அந்த ஆங்கிலச் சொல்லின் வழி வந்ததே. நிலத்தடியில் மழையை ஏந்திய பாத்திரத்தின் பெயரோடு உறவுடையதாகக் கருதப்படும் சொல், இன்று மோட்டார் ஏற்றிய நீரைச் சுமக்கிறது.

2017இல் அகமதாபாத் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. போள் வீடுகளின் மரச்செதுக்கு முகப்புகள் படங்களில் இடம்பெறுகின்றன, குழாய்கள் இடம்பெறுவதில்லை. ஆயினும் முகப்பைப் பேணுவதால் ஒரு வீட்டின் தோற்றமே நிலைக்கும். அந்த வீடு கோடையைக் கடந்த அறிவு நிலைக்க வேண்டுமானால், குழாயின் கீழ்முனை மீண்டும் முற்றத்தை நோக்கித் திரும்ப வேண்டும்.